ஐம்பத்தொரு கட்டைவிரல்கள்

நாற்பது நாற்காலிகள் வாடகைக்கு எடுத்திருந்தோம். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். எங்கள் நகரின் பொது இடத்தில், போர்வெல்லை ஒட்டி நின்ற வேப்பமரத்தடியில், ஐந்து வரிசையாகப் போட்டு வைத்தோம். வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. மேசைக்குப் பின்னால் விசாரணைக்கு வந்த அதிகாரி உட்கார்ந்திருந்தார். எதிரே நாங்கள் ஒன்பது பேர். ஆடி மாதத்தில் தேனிப் பக்கம் காற்று எப்படி வீசும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஆள் உட்காராத பிளாஸ்டிக் நாற்காலியை அது விட்டுவைக்காது. ஒன்று சரியும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துத் தள்ளும், இரண்டும் புழுதியில் உருண்டு போகும். ஒவ்வொரு முறையும் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். விழுந்த நாற்காலியை நிமிர்த்தி, யாரோ வந்து உட்காரப் போகிற மாதிரி துண்டால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். போதும், உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆள் வராமல் போனதற்குக் காரணம் நான்தான்.

செயலாளர் என்றுதான் நகரில் எல்லோரும் அவரைச் சொல்வார்கள். எனக்கு அண்ணன், அவர் மனைவி மதினி. உறவு ஒன்றும் கிடையாது, அடுத்த தெருக்காரர்கள், அவ்வளவுதான். அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தேனிக்கும் குமுளிக்கும் நடுவில், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று பாதி வாழ்க்கையை நின்றுகொண்டே கழித்தவர். முழங்கால் அங்கேயே தேய்ந்துவிட்டது. டிக்கெட் கிழிக்கும்போது ஒவ்வொரு ஆளிடமும் இறங்கும் இடத்தைக் கேட்டு, அதை அவர்கள் வாயாலேயே இரண்டாவது தடவை சொல்ல வைப்பாராம். தன் வண்டியில் ஒரு ஆள்கூடத் தூங்கிப்போய் ஊரைத் தாண்டியதில்லை என்று சொல்லிக்கொள்வார். கொஞ்சம் கூடுதலான பெருமைதான். ஆனாலும் நான் நம்பினேன்.

எங்கள் நகர் கம்பம் சாலையிலிருந்து உள்ளே இறங்கிப் போகும் ஒரு மண் சாலையின் முடிவில் இருக்கிறது. முன்பு தென்னந்தோப்பு. அதை வெட்டி மனை போட்டவர் ஒரு நீலநிற வரைபடத்தை அச்சடித்துக் கொடுத்தார். அதன் கிழக்கு மூலையில் ஒரு கட்டத்துக்குப் பச்சை அடித்து 'பூங்கா' என்று எழுதியிருந்தது. அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லோரும் மனை வாங்கினோம். பூங்கா வரவில்லை. ஊராட்சிக் குழாயில் தண்ணீரும் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. ஆகவே, குடிவந்த சில வருடங்களில் எல்லோரும் சேர்ந்து அந்தப் பச்சைக் கட்டத்தில் ஒரு போர்வெல் போட்டு, மேல்நிலைத் தொட்டி கட்டினோம். ஐம்பத்தெட்டு வீட்டுக்கும் குளிக்க, துவைக்க, சமைக்க அந்தத் தண்ணீர்தான். அந்த இடத்தை ஊராட்சிக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்று மனை போட்டவர் வாயால் சொன்னார். பத்திரம் எழுதாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். வாய்ச்சொல்லை நாங்களும் போதும் என்று இருந்துவிட்டோம்.

சங்கத்துக் காரியம் எதுவானாலும் செயலாளர் அதைச் சொல்லும் முறை ஒன்று உண்டு. மாலை ஐந்து மணிக்கு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புவார். முதல் தெருவின் முதல் வீடு. கேட்டுக்கு வெளியே நின்று, "வீட்ல ஆளு இருக்கீகளா?" என்று ஒரு குரல். ஆள் வந்ததும் சேதியைச் சொல்வார். நாளைக்கு மோட்டார் கழற்றுகிறோம், காலையில் தண்ணீர் வராது, இன்றைக்கே பிடித்து வையுங்கள். சொல்லிவிட்டுப் போய்விட மாட்டார். "என்னைக்குன்னு சொன்னேன்?" என்று திருப்பிக் கேட்பார். அவர்கள் தேதி, கிழமை, நேரம் எல்லாவற்றையும் சரியாகச் சொன்ன பிறகுதான் அடுத்த வீடு. "செயலாளர் பரீட்சை வைக்க வர்றாருடா" என்று பிள்ளைகள் உள்ளே ஓடுவார்கள். காலேஜ் பேராசிரியர் ஒருவர் கிழமையைத் தப்பாகச் சொல்லிவிட்டு, மனைவி முன்னால் அசடு வழிந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஐம்பத்தெட்டு வீட்டையும் முடிக்க அவருக்கு இரண்டு மாலை ஆகும். ஆனால் அவர் சொன்ன பிறகு ஒரு வீட்டிலும் 'தெரியாது' என்ற பேச்சு எழுந்ததில்லை.

நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் சுற்றறிக்கை எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் போகும். இணைச் செயலாளராக என்னைப் போட்டதும் நான் செய்த முதல் காரியம், நகருக்கு ஒரு குரூப் தொடங்கியது. அந்தச் சமயத்தில் செயலாளரின் முழங்கால் மிகவும் மோசமாகியிருந்தது. மதினி ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்குப் புண்ணியமாப் போகும் ஆத்தா, அவுகள இனிமே தெருத்தெருவா நடக்க விடாத" என்று கண் கலங்கினார். நான் வாக்குக் கொடுத்தேன். நல்ல மனதோடுதான் கொடுத்தேன். கூடவே கொஞ்சம் மிடுக்கும் இருந்தது. அவர் இரண்டு நாள் நடப்பதை நான் ஒரு நிமிடத்தில் முடிக்கிறேன் என்ற மிடுக்கு.

குரூப் நன்றாகத்தான் நடந்தது. விடிந்தால் பூப்படம் போட்ட காலை வணக்கம், பிரதோஷ நேரம், யாரோ வீட்டு மாடியில் காயப்போட்ட மிளகாய் பறந்த கதை. நடுவே நான் போடும் தண்ணீர் அறிவிப்பு. அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்து விழும். எதைப் போட்டாலும் கட்டைவிரல் விழும். மூன்றாம் தெருவில் ஒரு சாவுச் சேதிக்குப் பதினேழு கட்டைவிரல் விழுந்தது. அந்தப் பதினேழு பேரும் அந்த வீட்டிலிருந்து ஆள் வந்து வாசலில் நின்று சொன்ன பிறகுதான் மாலையோடு கிளம்பினார்கள். நானும் அப்படித்தான் கிளம்பினேன். அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

போன வருடம் மனை போட்டவரின் மகன் வந்தார். பூங்கா இடம் தன் அப்பா பெயரிலேயே இருக்கிறது, அதை மூன்று மனையாக்கி விற்கப் போகிறேன், போர்வெல்லை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். செயலாளர் அலையாத அலுவலகம் இல்லை. கடைசியில் ஒரு அதிகாரி காது கொடுத்துக் கேட்டார். பத்திரம் உங்களுக்குச் சாதகமாக இல்லை. ஆனால் அந்த வரைபடத்தைக் காட்டித்தான் விற்றார்கள், இத்தனை வருடமாக நீங்கள்தான் அனுபவிக்கிறீர்கள் என்பதை வீட்டுக்காரர்கள் நேரில் வந்து சொன்னால் நான் எழுதி மேலே அனுப்ப முடியும், பாதி வீடாவது வர வேண்டும் என்றார். ஒரே ஒரு நாள் தந்தார். அந்த வியாழக்கிழமை. எங்கள் தண்ணீர் அந்த ஒரு காலைப் பொழுதில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையே குரூப்பில் போட்டேன். வியாழன் காலை பத்து மணி, பொது இடம் பற்றிய விசாரணை, வீட்டுக்கு ஒருவர் அவசியம் வரவும். 'அவசியம்' என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டேன். திங்களும் போட்டேன், புதனும் போட்டேன். புதன்கிழமை மாலை செயலாளர் வெள்ளைச் சட்டையோடு என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"எல்லாத்துக்கும் சொல்லியாச்சா தாயி?"

"சொல்லியாச்சுண்ணே. அம்பத்தோரு பேரு கட்டவெரல் போட்டிருக்காக."

"வெரலு வந்திருச்சு. ஆளு வருமா?"

எனக்குச் சுருக்கென்று இருந்தது. "மூணு தடவ போட்டிருக்கேன். பாத்துட்டுத்தான போடுறாக?" என்றேன்.

"இல்ல, நான் ஒரு நடை போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துர்றேன். மொத ரெண்டு தெருவாச்சும்..."

"குரூப்புல போட்ட பெறகு நீங்க வேற போனீகன்னா, என்னைய நம்பலன்னு ஆயிரும்ணே. மதினிக்கும் நான் என்ன பதில் சொல்ல?"

அவர் தெருவைப் பார்த்தார். பிறகு, "சரித்தா, நீ சொன்னாச் சரி" என்று திரும்பிப் போய்விட்டார். அந்த 'சரித்தா'வை இன்றைக்கு நினைத்தாலும் என் மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது. அவர் கோபப்பட்டிருக்கலாம். என்னை மீறிப் போயிருக்கலாம். என் மனம் நோகக்கூடாது என்று திரும்பினார்.

வியாழக்கிழமை பத்தே முக்காலுக்கு நான் ஓடத் தொடங்கினேன். முதல் தெருவில் பாதி வீடு பூட்டியிருந்தது. ஏலக்காய்க் கடைக்கும், மார்க்கெட்டுக்கும், பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டார்கள். திறந்திருந்த வீடுகளில் பெண்கள்தான் இருந்தார்கள். இரண்டாம் தெரு டீச்சர் வீட்டில் அவர் அம்மா மட்டும். அடுத்த வீட்டில் ஒரு அக்கா மாவு கரைத்த கையோடு வந்து நின்றார்.

"அக்கா, விசாரணைக்கு ஆபீசர் வந்து ஒக்காந்திருக்காக. ஒங்க வீட்டுக்காரர் எங்க?"

"அவுக காலையிலேயே போடிக்குப் போயிட்டாகளே. நேத்துச் சொல்லியிருந்தா லீவு போட்டிருப்பாகல்ல?"

"குரூப்புல மூணு நாளாப் போட்டிருக்கேன். ஒங்க வீட்டு அண்ணன் கட்டவெரல் கூடப் போட்டிருக்காக."

"ஆமா, பாத்தாக. எங்கிட்டயும் காட்டுனாக. பாத்ததுக்குத்தேன் வெரலு போட்டாக." அந்த அக்காவின் முகத்தில் உண்மையான குழப்பம் இருந்தது. "எப்பிடியும் செயலாளர் நேர்ல வந்து சொல்லுவாகன்னு இருந்தோம். அவுக வரல. சரி, தள்ளிப் போயிருச்சு போலன்னு நெனச்சோம்."

இதே பேச்சை அடுத்தடுத்து நான்கு வீட்டில் கேட்டேன். சொல் மட்டும் மாறியது. முதலாமவர் சொன்னபோது எனக்கு எரிச்சல் வந்தது. நான்காமவர் சொன்னபோது எரிச்சல் போய்விட்டது. சோம்பேறித்தனத்தால் யாரும் வராமலில்லை. தண்ணீர் வேண்டாம் என்று நினைத்தவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் அழைப்புக்காகக் காத்திருந்தார்கள். ஒரு அக்கா மட்டும் "இந்தா வர்றேன்" என்று சொல்லிச் சேலை மாற்ற உள்ளே போனார். மற்றவர்கள், வீட்டுக்காரரைக் கேட்காமல் ஆபீசர் முன்னால் என்ன பேசுவது என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

நான் திரும்பி வந்தபோது அதிகாரி கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். செயலாளர் அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். "ஒரு மணி நேரம் குடுங்க சார். நானே வீடு வீடாப் போயி கூட்டிட்டு வர்றேன். என் தப்பு சார், அவுக தப்பில்ல." தன் தப்பு என்றார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதைச் சொன்னார். அதிகாரி கெட்டவர் இல்லை. "பெரியவரே, பன்னண்டு மணி வரைக்கும் ஒக்காந்துட்டேன். மத்தியானம் உத்தமபாளையத்துல இன்னொரு விசாரணை இருக்கு. வந்தவங்கள எழுதியிருக்கேன். வராதவங்கள நான் எப்பிடி எழுத?" என்றார். வண்டி ஏறும்போது, உங்கள் ஆட்களுக்கே அக்கறை இல்லையே என்றும் சொன்னார். அதற்கு எங்களிடம் பதில் இருந்தது, அதை எந்தக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. அவர் போன பிறகு சேலை மாற்றிக்கொண்டு அந்த அக்கா வந்து சேர்ந்தார்.

இதில் எனக்குத் தெரியாத வழக்கம் எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை. அதே வருடம் சித்திரையில் எதிர்வீட்டுக்காரர்கள் பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகையைப் போனில் மட்டும் அனுப்பினார்கள். அழகான பத்திரிகை. பார்த்தேன், கட்டைவிரல் போட்டேன், போகவில்லை. அழைக்காத வீட்டுக்கு எப்படிப் போவது? என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "தட்டு எடுத்துட்டு வந்து கூப்பிட்டாகளா என்ன?" என்று நானே முறைத்தேன். எங்கள் பக்கத்தில் போனில் வருவது தகவல். வாசலில் வந்து சொல்வதுதான் அழைப்பு. தகவலுக்கு ஒரு விரல் போதும், அழைப்புக்குத்தான் ஆள் போக வேண்டும். இதை ரத்தத்தில் வைத்துக்கொண்டு வாழ்கிறவள், ஊருக்கு அறிவிப்பு எழுத உட்கார்ந்ததும் மறந்துபோனேன். அலுவலக நாற்காலி மறக்கடித்ததா, என் மிடுக்கு மறக்கடித்ததா, தெரியவில்லை.

அதிகாரி எழுதிய கடுதாசி மேலே போய், எங்களுக்குப் பாதகமாகத் திரும்பி வந்தது. வழக்குப் போடலாமா என்று கேட்டோம். போடலாம், பல வருடம் இழுக்கும், முதல் கேள்வியே அன்றைக்கு ஏன் வரவில்லை என்பதாகத்தான் இருக்கும் என்றார் வக்கீல். நேரில் சொல்லவில்லை என்று கோர்ட்டில் சொல்ல முடியுமா? இப்போது எங்களுக்கு லாரித் தண்ணீர். செயலாளர் போன தை மாதம் மதுரையில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். மாடிப்படி இல்லாத வீடு என்று மகன் அழைத்துக்கொண்டார். செயலாளர் பொறுப்பு என் தலையில். லாரி வரும் நாளை நான் மாலையில் வீடு வீடாகப் போய்ச் சொல்கிறேன். கிழமையைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்கும் தைரியம் மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் அவரை நினைக்கும்போது முதலில் மனதில் வருவது வேலி போட்ட நாள்தான்.

திங்கட்கிழமை காலை வேலி போடப் போகிறோம், அதற்குள் மோட்டாரைக் கழற்றிக்கொள்ளுங்கள் என்று மனை போட்டவரின் மகனுடைய ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது வெள்ளிக்கிழமை. நான் போனை எடுத்தேன். செயலாளர் என் கையை மறித்து, "இத நான் சொல்லிக்கிறேன் தாயி" என்றார். மதினி அழுதார், கத்தினார். அவர் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று மாலை பிடித்தது அவருக்கு. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் உட்காரவே இல்லை. "ஞாயித்துக்கெழமை ராத்திரியோட நம்ம போரு தண்ணி நின்னு போகுது. திங்கக்கெழம பத்து மணிக்கு வேலி போடுறாக. என்னைக்குன்னு சொன்னேன்?" ஒவ்வொரு வீட்டிலும் தலையைக் குனிந்துகொண்டு, திங்கட்கிழமை பத்து மணி என்று திருப்பிச் சொன்னார்கள். வாருங்கள் என்று அவர் யாரையும் கூப்பிடவில்லை. வந்து செய்ய எதுவும் இல்லை.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கே வரத் தொடங்கினார்கள். லீவு போட்டுவிட்டு ஆண்கள் வந்தார்கள். கடையைப் பூட்டிவிட்டு வந்தார்கள். டீச்சர் வந்தார், அவர் அம்மா வந்தார், பேராசிரியர் வந்தார். போடிக்குப் போகிற அண்ணன் சலவைச் சட்டையோடு வந்து நின்றார். ஐம்பத்தெட்டு வீட்டிலிருந்தும் ஆள் வந்துவிட்டது. மண் சாலையில் நிற்க இடமில்லாமல் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கி நின்றார்கள். வேலிக்குக் கல்கால் இறக்கிக்கொண்டிருந்த ஆட்கள், தகராறு பண்ண வந்த கூட்டம் என்று பயந்துபோய்ப் பார்த்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. போடிக்காரர்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு செயலாளரிடம் வந்தார்.

"அண்ணே, எல்லாரும் வந்துட்டோம். இப்ப நாங்க என்ன சொல்லணும்? யாருகிட்டச் சொல்லணும்?"

செயலாளர் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது, எண்ணினாரா, வேறு ஏதாவது சொல்ல வந்தாரா, தெரியாது.

"இங்கன கேக்க ஆளு இல்லையே தம்பி" என்றார்.

அதற்குப் பிறகும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. குழி தோண்டி, கல்கால் நட்டு, முள்கம்பியை இழுத்துக் கட்டி, அவர்கள் கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகும் வரை, ஐம்பத்தெட்டு வீட்டாரும் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.